சொட்டுற வரைக்கும்

அரை மணி நேர வேலைன்னு சொல்லித்தான் கருணாம்பிகை தன்னோட வெள்ளைக் காரைக் கொண்டாந்து சென்னியப்பன் பட்டறைக் குழி மேல நிறுத்துனா, ரெண்டாம் கியர்ல இருந்து மூணுக்குப் போறப்ப கொஞ்சம் பிடிக்குதுங்ணா, ஆயில் அளவு மட்டும் பார்த்து ஊத்திக் குடுத்துருங்கன்னு சொன்னா, சாவியக்கூட உருவாம வண்டியிலயே விட்டுட்டு எதுத்தாப்புல பேக்கரியில ஒரு டீ சொல்லிட்டு உக்காந்தா. அந்த அரை மணி நேரம் இன்னும் முடியல, இந்த ஆவணி வந்தா மூணு வருசம். நான் பக்கத்துப் பட்டறை, டிங்கரிங் மாதப்பன்னு கேட்டீங்கன்னா வீதியில யாரும் கை காட்டுவாங்க, நசுங்குன கதவை நிமித்துறது, துருப்பிடிச்ச தகரத்தை வெட்டி ஒட்டுறதுதான் என்ற தொழில். இதுல நான் வேடிக்கை பார்த்தவன் இல்லீங்க, அதை முன்னாலயே சொல்லிப்போடறேன், பொறவு என்னை நல்லவன்னு நெனச்சுக்கிட்டுக் கேக்காதீங்க.

கார் ஓட்டுறவங்க பல பேருக்கே இது தெரியாது. இஞ்சின்ல ஆயில் எவ்வளவு இருக்குன்னு பார்க்கக் கம்பி இருக்கு, உருவித் துடைச்சுப் பார்த்துக்கலாம், ஆனா கியர் பாக்ஸுக்கு அப்பிடிக் கம்பி எதுவும் கெடையாது. வண்டியைச் சமதரையில நிறுத்தி, அடியில எறங்கி, பெட்டியோட பக்கவாட்டுல இருக்கிற மூடி போல்ட்டைக் கழட்டி, அந்த ஓட்டைக்குள்ள சுண்டு விரலை முதல் கணு வரைக்கும் விட்டு மடக்கிப் பார்க்கணும், நுனியில ஆயில் பட்டாப் போதும், படலைன்னா ஊத்தணும், எது வரைக்கும்னா உள்ள போனது போதும்னு சொல்லி அதே ஓட்டை வழியா வெளிய எட்டிப் பார்த்து ஒரு சொட்டு விழுகிற வரைக்கும். அந்தச் சொட்டு விழுந்தாத்தான் நெறஞ்சுதுன்னு கணக்கு, அப்பத்தான் மூடியப் போட்டு நாலு திருகு திருகி முறுக்கணும். எந்தப் பட்டறையிலயும் இதுதான் முறை.

சென்னியப்பனுக்கு இது முறை மட்டும் இல்ல, விரதம். வெகு காலத்துக்கு மிந்தி ஒரு காய்கறி வேனுக்கு அவசரத்துல ஊத்தி, சொட்டு விழுகிறதுக்குள்ள மூடியப் போட்டு அனுப்பிச்சுட்டான், வண்டி திம்பம் மலை வளைவுல ஏறுறப்ப கியர் இறுகிப் பின்னால உருண்டுபோயி மாரப்பன்னு ஒரு டிரைவருக்கு இடது கால் போச்சு. கிளச்சு மிதிக்கிற கால். இன்னிக்கும் அந்த மாரப்பன் கட்டையை ஊனிக்கிட்டு வீதியில வந்தா சென்னியப்பன் செய்யுற வேலையை விட்டுட்டு எந்திரிச்சு நிப்பான், அவரு கண்ணுக்கு மறையற வரைக்கும் உக்கார மாட்டான். அதுக்கப்பறம் அவன் கையால சொட்டாத பெட்டிக்கு மூடி போட்டது கெடையாது.

அன்னிக்கு அவன் ஒரு லிட்டர் ஊத்துனான், விரலை விட்டுப் பார்த்தான், படல, இன்னொரு லிட்டர் ஊத்துனான், அந்தப் பெட்டி குடிக்கிறதே ரெண்டு லிட்டருக்குள்ளதான், படல, கீழ ஒழுகுதான்னு குழிக்குள்ள கையை வெச்சுத் தடவுனான், சிமிட்டித் தரை காஞ்சு கெடந்துச்சு, நாலு ஊத்துனான், எட்டு ஊத்துனான், கடையில இருந்த டின்னு தீர்ந்து எங்க பட்டறையில இருந்ததை வாங்கி ஊத்துனான், பொழுது சாயுறதுக்குள்ள வீதியில இருந்த கியர் ஆயில் அத்தனையும் உள்ள போயிருச்சு, டார்ச்சு அடிச்சுப் பார்த்தாப் பல்சக்கரம் ரெண்டு பளபளன்னு தெரியுது, அதுக்குக் கீழ இருட்டு, ஊத்துன ஆயில் எதுமேலயும் போய் விழுகிற சத்தம்கூட இல்ல. எங்க வீதியில யாரும் வாயைப் பொளக்கல. சில வண்டி அப்பிடித்தான், கேக்கும்னாங்க. என்ற மச்சான் சோத்துக்கு உக்காந்தாலும் இப்பிடித்தான்னு ஒருத்தன் சொல்லிச் சிரிச்சான். ஊத்துனது எங்க போகுதுன்னு ஒருத்தனும் கேக்கல. ஊத்துறது எங்க போகுதுன்னு கேக்குற ஊரா இருந்தா எங்க ஆறு ஏன் சாயப்பட்டறைத் தண்ணியில செவப்பாவும் ஊதாவாவும் ஓடியிருக்கப் போகுது?

கருணாம்பிகை டீயைக் குடிச்சு முடிச்சு, இன்னொரு டீயும் குடிச்சு, பொழுதோட எந்திரிச்சு வந்தா. அவளைப் பத்திச் சொல்லணும். கட்டுனவன் விட்டுட்டுப் போனதுக்கப்பறம், பொறந்த ஊட்டுல குடுத்த அரை ஏக்கரை வித்து அந்தக் காரை வாங்குனவ, அதுல அவ ஓட்டுனது முக்காலும் பிரசவத்துக்குத்தான், சுத்துப்பட்டு ஏழெட்டு ஊர்ல ஒரு பொண்ணுக்கு வலி வந்துச்சுன்னா ஆம்புலன்சுக்குச் சொல்றதுக்கு மிந்தி கருணாம்பிகைக்குத்தான் சொல்லுவாங்க, பொம்பள டிரைவர்னு ஒரு தைரியம், அதைவிடப் பெருசு அவ கியர் மாத்துறது, ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் போறது உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியாது, ஒரு குலுக்கல் இருக்காது, வயித்துல இருக்கிற புள்ள தூங்கிக்கிட்டே ஆஸ்பத்திரி போய்ச் சேரும். அவளுக்கு அந்தக் கையும் அந்தக் காரும்தான் சொத்து, வேற ஒண்ணும் இல்ல.

"மூடியப் போட்டுக் குடுத்துருங்ணா, நாளைக்கு வெடியால நல்லாத்தா மகளைக் கூட்டிட்டுப் போகோணும், தலைப்பிரசவம்" அப்பிடின்னா.

"சொட்டலையே அம்மிணி."

"ஓடுமில்லீங்? இவ்வளவு ஊத்தியிருக்கீங்கல்ல, அதுல ஓடாதா?"

சென்னியப்பன் சுண்டு விரலைத் துணியில தொடச்சுக்கிட்டே, "ஓடும்னு வெச்சுக்க, வயித்துப்புள்ளக்காரி பின்னால உக்காந்திருக்கறப்ப கியர் இறுகுச்சுன்னா? ஒரு காலைத் தின்னது போதும் எனக்கு. நாளைக்கு ஆயில் வரும். சொட்டுன அடுத்த நிமிசம் நீ எடுத்துக்கிட்டுப் போ" அப்பிடின்னான். அவன் கெட்டவன் இல்லீங்க. அவன் நல்லவனா இருந்ததுதான் அவளுக்கு வந்த கேடு.

மறுநாளும் சொட்டல, அதுக்கு மறுநாளும் சொட்டல. நல்லாத்தா மகளுக்குப் பக்கத்து ஊர் ஆட்டோவுலயே வழியில பொறந்துருச்சு. ஏழாம் நாளு எங்க பட்டறை சங்கத் தலைவர் நாட்ராயண்ணன் வந்தாரு, வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டுக் குழிக்குள்ள எறங்கி, தன்னோட சுண்டு விரலையே உள்ள விட்டுப் பார்த்தாரு. எங்களுக்கு வேஸ்ட் ஆயில்தான் தலைவலி அப்ப, சாக்கடையில விட்டா அதிகாரிங்க வந்து பட்டறைக்குச் சீல் வெக்கறாங்க, விடலைன்னாப் பீப்பாயில நெறைச்சு எங்க வெக்கிறதுன்னு தெரியல. நாட்ராயண்ணன் மேல ஏறி வந்து கையைக் கழுவிட்டுச் சொன்னாரு:

"சென்னியப்பா, புது ஆயில்தான் ஊத்தணும்னு எதுலயாவது எழுதியிருக்கா? நெறையறதுதானே முக்கியம்? மொதல்ல எதையாச்சும் ஊத்தி நெறைப்போம், சொட்டட்டும், அப்பறம் வடிச்சுட்டு நல்லதா ரெண்டு லிட்டர் ஊத்தி அந்தப் புள்ளைக்குக் குடுத்துரலாம். எல்லாரும் கை குடுத்தாச் சீக்கிரம் நெறையும்."

சென்னியப்பன் ரெண்டு நாள் சோறு திங்காம யோசிச்சுட்டுச் சரின்னான். கருணாம்பிகையும் சரின்னா, எல்லாரும் எனக்காகத்தானே சிரமப்படறாங்கன்னு சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டா. நான் பாக்கவே கும்பிட்டாளுங்க. வீதியில இருந்த பீப்பாயெல்லாம் உருண்டு வந்துச்சு, மிந்தாநாளு வரைக்கும் கறுப்பாக் கெடந்த சாக்கடை காஞ்சு வெளுத்துச்சு, என்ற பட்டறையில தேங்கிக் கெடந்த ஆசிட் தண்ணி, பெயிண்டு கழுவுன தண்ணி, அதையும் நான்தான் ரெண்டு கையாலயும் தூக்கிட்டுப் போயி ஊத்துனேன்.

அந்தப் பேச்சு ஆத்தோரத்துச் சாயப்பட்டறைக்காரங்க காதுக்குப் போக எத்தனை நாளாகும்? முதல்ல டிராக்டர்ல டேங்க் வெச்சுக் கொண்டாந்தாங்க, அப்பறம் லாரி வந்துச்சு, அப்பறம் வீதிக் கோடியில ஒசரமாத் தூண் எழுப்பி ஒரு பெரிய தொட்டி கட்டி, ஆத்தோரத்துப் பட்டறை அத்தனைக்கும் குழாய் பொதைச்சு, அந்தத் தொட்டியில ஏத்தி, அங்கிருந்து ஒரே குழாயா எறக்கி, குழிக்குள்ள கொண்டுவந்து, அந்தச் சுண்டுவிரல் ஓட்டைக்கு நேராப் புனல் வெச்சு நிறுத்துனாங்க. காருக்கு மேல கூரை போட்டாங்க, சுத்திக் கம்பி வேலி போட்டாங்க, ஆயுத பூசைக்கு முதல் மாலை அதுக்குத்தான், சாமிக்குக்கூட அப்பறம்தான். செவப்புத் தண்ணி போச்சு, நீலத் தண்ணி போச்சு, கொதிக்கக் கொதிக்க மஞ்சத் தண்ணி போச்சு, ராவும் பகலும் போச்சு, அத்தனையும் வாங்கிக்கிட்டுக் கார் ஒரு இஞ்சு எறங்கல, ஒரு சொட்டுத் திருப்பித் தரல.

ஆறு தெளிஞ்சுதுங்க. அதைச் சொல்லாம விட்டா நான் பொய்யனாயிருவேன். இருபது வருசமா ஆத்துல கால் வெச்சாச் செரங்கு வரும், எங்கூட்டுக் கெணத்துத் தண்ணியில சோறாக்குனாச் சோறு ரோஸ் கலர்ல வேகும், தென்னை மரமெல்லாம் குருத்து கருகி மொட்டையா நின்னுச்சு. அடுத்த மழைக்கே தண்ணி தெளிய ஆரம்பிச்சுது, ஆறாம் மாசம் தரை தெரிஞ்சுது, ஒரு நாளு காத்தால கெண்டை மீன் துள்ளுச்சுன்னு ஊரே போய்ப் படித்துறையில நின்னு பார்த்துச்சு, என்ற கால்ல பத்து வருசமா ஆறாத புண்ணு ஆறித் தோல் மூடுச்சு. நான் அந்தத் தண்ணியில எறங்கிக் கழுத்து வரைக்கும் நின்னு அழுதேன். அப்பிடி அழுதுட்டு ஈரத்துணியோட மேல ஏறுறேன், படித்துறையில கருணாம்பிகை உக்காந்திருக்கா.

"நல்லா இருக்குதுங்களா மாதப்பண்ணா தண்ணி?" அப்பிடின்னா.

நல்லாருக்கு அம்மிணின்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டேன்.

அவ கேக்காத எடம் இல்ல. சங்கத்துல கேட்டா, ஊராட்சியில கேட்டா, மனு எழுதிக்கிட்டு அதிகாரிங்ககிட்ட அலைஞ்சா. எங்க போனாலும் யாரும் அவளைத் திட்டல, ஒரு வார்த்தை மரியாதைக் கொறைவாப் பேசல, உக்காரச் சொன்னாங்க, காப்பி குடுத்தாங்க, உன்ற காருதான் தாயி, யாரு இல்லைன்னா, சொட்டட்டும், சொட்டுன அடுத்த நிமிசம் எடுத்துக்கன்னாங்க. ஊராட்சிக் கூட்டத்துல அதைத் தீர்மானமாவே எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க: மேற்படி வாகனத்தின் கியர் பாக்ஸ் நிறைந்து ஓட்டை வழியே சொட்டும் நாளில் வாகனம் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும். அவ அதுக்கு ஒரு நகல் வாங்கிச் சேலைத் தலைப்புல முடிஞ்சு வெச்சுக்கிட்டா. கார் இல்லாம ஊட்டுல உக்காந்து என்ன பண்றது, பனியன் கம்பெனியில பிசுறு வெட்டுற வேலைக்குப் போனா, நாலு ஊருக்குக் கியர் மாத்துன கை, நாளெல்லாம் நூலு வெட்டுச்சு. அவ காரைத் திருப்பிக் கேக்கறப்பெல்லாம் ஊர்ல பொம்பளைங்களே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு காருக்காக ஆத்தையே நாறடிக்கச் சொல்றாளே, இவளுக்கு மனசு எப்பிடி வருதுன்னு. அவ கார்ல போய்ப் புள்ள பெத்தவங்களே சொன்னாங்க.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. குளிச்சுட்டு வந்து வேலிக்குள்ள போயி, டிரைவர் சீட்டுல உக்காந்து, கிளச்சை மிதிச்சு, கியரை ஒண்ணுல போடுவா, ரெண்டுல போடுவா, மூணு, நாலு, அப்பறம் எறங்கி எறங்கி ஒண்ணுக்கு வருவா, கடைசியா ரிவர்ஸ் போட்டு எடுப்பா, கை மறந்துரக் கூடாதுங்ணான்னு சொல்லுவா, கீழ ஊர்ச் சாயமெல்லாம் கொடகொடன்னு எறங்கிக்கிட்டிருக்கும், மேல அவ ரோட்டைப் பார்த்த மாதிரி சுவத்தைப் பார்த்துக்கிட்டுக் கியர் மாத்திக்கிட்டிருப்பா. நான் பக்கத்துல தகரம் தட்டிக்கிட்டிருப்பேன். அவ வர்ற நேரம் மட்டும் கொஞ்சம் பலமாத் தட்டுவேன், கியர் விழுகிற சத்தம் காதுல விழாம இருக்கறதுக்கு.

ரெண்டு வருசம் இப்பிடிப் போச்சு. என்ற மக பூங்கோதைக்கு அப்ப ஒம்பதாம் மாசம், தலைப்பிரசவத்துக்கு எங்கூட்டுக்கு வந்திருந்தா. ஒரு வெள்ளிக்கிழமை, காத்தால பத்து மணி, நல்ல மழை, திடீர்னு பனிக்குடம் ஒடைஞ்சு போச்சு. ஆம்புலன்சுக்குப் போன் போட்டா, தரைப்பாலத்துக்கு மேல தண்ணி போகுது, சுத்தித்தான் வரோணும், ஒரு மணி நேரமாகும்னாங்க. ஆட்டோக்காரன் வந்து அவளைப் பார்த்துட்டு, எனக்குப் பயமா இருக்குதுங்க, என் வண்டி குலுக்கும்னு கழண்டுக்கிட்டான். அவ கட்டில் காலைப் புடிச்சுக்கிட்டு, அப்பா, கருணாக்காவைக் கூப்புடுப்பான்னா. இந்த ரெண்டு வருசத்துல நடந்தது எதுவும் அந்த வலியில அவளுக்கு ஞாபகம் இல்ல.

நான் ஓடுனேன். கருணாம்பிகை வெள்ளிக்கிழமை உக்கார்ற மாதிரியே சீட்டுல உக்காந்து மூணாம் கியர்ல கை வெச்சிருந்தா. நான் சன்னலைப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்க நின்னேன். எதைச் சொல்லிக் கேக்கறது? ரெண்டு வருசமா ஒரு வார்த்தை அவளுக்காகப் பேசாத வாயி அது.

"பூங்கோதைக்குங்களா?" அப்பிடின்னு அவளே கேட்டா.

"ஆமா அம்மிணி."

"மூடியப் போடச் சொல்லுங்க." அவ்வளவுதான் சொன்னா, வேற ஒண்ணும் கேக்கல, சொல்லிக் காட்டல.

சென்னியப்பன் குழி ஓரத்துல நின்னு, இன்னும் சொட்டலையேடா மாதப்பான்னான், அவன் கண்ணுல தண்ணி நிக்குது, அவனுக்கு மாரப்பன் காலு தெரியுது, எனக்கு என்ற மக தெரியறா. நான் தொட்டிக் குழாய் வால்வை மூடுனேன், புனலைப் புடுங்கி எறிஞ்சேன், குழிக்குள்ள குதிச்சு, அலமாரியில ரெண்டு வருசமாத் தூசி படிஞ்சு கெடந்த அந்த மூடி போல்ட்டை எடுத்து ஓட்டையில வெச்சேன். ஒரு திருகு, ரெண்டு திருகு, மூணு, நாலு. இறுகிருச்சு. இம்புட்டுத்தான் வேலை. ரெண்டு வருசமா அவ கையெடுத்துக் கும்பிட்டு, மனு குடுத்து, அழுது கேட்டது இந்த நாலு திருகுதான். அதுக்கு எனக்கு அரை நிமிசம்கூட ஆகல.

பேட்டரி செத்துப் போயிருந்துச்சு. ரெண்டாம் கியர்ல போட்டுக் கிளச்சை மிதிச்சுக்கிறேன், தள்ளுங்கன்னா. சக்கரத்துக்குக் காத்தடிச்சு, பலகை போட்டு எறக்கி, நானும் சென்னியப்பனும் மழையில தள்ளுனோம், பேக்கரியில நின்னவன் ரெண்டு பேரு என்ன ஏதுன்னு தெரியாமயே வந்து தள்ளுனாங்க, பத்தடி போனதும் அவ கிளச்சை விட்டா, வண்டி ஒரு தடவை இருமுச்சு, புடிச்சுக்கிச்சு. பூங்கோதை பின்சீட்டுல அவ அம்மா மடியில படுத்திருந்தா, நான் முன்னால உக்காந்தேன், மழைத்தண்ணியில சுத்துப்பாதையில இருபத்தஞ்சு கிலோமீட்டர், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, கியர் மாத்துனது எனக்குத் தெரியலீங்க, அவ கை அசையறது கண்ணுக்குத் தெரியுது, உடம்புக்குத் தெரியல. அந்தப் பெட்டிக்குள்ள ஊர்க் கழிவு அத்தனையும் இருக்கு, ஒரு சின்ன நெறநெறப்பு இல்ல. முதல் நாளே ஓடியிருக்கும். எந்த நாளும் ஓடியிருக்கும்.

ஆஸ்பத்திரியில எறக்குன முக்கா மணி நேரத்துல பொம்பளப் புள்ள பொறந்துச்சு, தாயும் சேயும் சுகம்னு நர்ஸம்மா வந்து சொன்னாங்க. கருணாம்பிகை புள்ளையப் பார்க்கணும்னு மாடிக்குப் போனா, போறப்ப சாவியை என்ற கையில குடுத்து, "மழை விட்டு வெயில் வருது, காரை வேப்ப மரத்து நெழல்ல நிறுத்துங்ணா, சீட்டு சுடும்" அப்பிடின்னா. ரெண்டு வருசம் கழிச்சுக் கெடைச்ச காரு. அதை என்னை நம்பிக் குடுத்தா.

நான் வெளிய வந்தா ஆஸ்பத்திரி கேட்டுல நாட்ராயண்ணன் நிக்கறாரு, கூட ஊரே நிக்குது, ஏழெட்டு டெம்போவுல வந்திருக்காங்க. யாரும் சத்தம் போடல. நாட்ராயண்ணன் என்ற தோள்மேல கையைப் போட்டு, என்ன கொழந்தை மாதப்பான்னாரு, பொண்ணுன்னேன், மகாலட்சுமின்னாரு. அப்பறம் சொன்னாரு, "ரெண்டு மணி நேரமாத் தொட்டி நெறஞ்சு வழிஞ்சு ஆத்துல போகுது. பாலத்தடியில தண்ணி செவந்துருச்சு. மீன் மெதக்குது. உன்ற பேத்தியை நாளன்னிக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டு வருவீல்ல? எந்தத் தண்ணியில குளிக்க வெப்பே?"

நான் சாவியைக் குடுத்துட்டேன். அவரு கையை நீட்டக்கூட இல்லீங்க, நானாத்தான் குடுத்தேன்.

கருணாம்பிகை கீழ வர்றப்ப வேப்ப மரத்தடியில நான் மட்டும் நின்னேன். அவ மரத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, ரோட்டைப் பார்த்தா. கொழந்தை உங்க சாடைதானுங்கன்னு சொல்லிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கமா நடந்து போயிட்டா. திட்டியிருந்தா நான் அன்னிக்குத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காத்தால காரு பழையபடி குழி மேல நின்னுச்சு. நாட்ராயண்ணன் என்ற பட்டறைக்கு வந்து, இப்பிடி ஆளாளுக்கு அவசரம்னு மூடியப் போட்டா ஊரு என்னத்துக்காகும், குழாயை அந்த ஓட்டையோட சேர்த்து ஒட்டிப்போடுன்னாரு. நான் மாட்டேன்னு சொல்லலாம். சென்னியப்பன் என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, வேண்டாம்டா மாதப்பா, ஓட்டையை அடைச்சா நான் எதை வெச்சுப் பார்ப்பேன்னு கெஞ்சுனான். ஊட்டுல எட்டு மாசமாப் பார்த்துப் பார்த்து வாங்கி வெச்ச புதுப் பித்தளை அண்டா இருந்துச்சு, பேத்தியைக் குளிக்க வெக்க. நான் கேஸைப் பத்த வெச்சு, குழிக்குள்ள எறங்கி, குழாயைப் பெட்டியோட சுத்தி ஒட்டுனேன். இருபத்தெட்டு வருசத் தொழில்ல அவ்வளவு சுத்தமா ஒரு வேலை நான் செஞ்சதில்ல. மூடி போல்ட்டை என்ன பண்றதுன்னு தெரியாம டவுசர் பையில போட்டுக்கிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவ வந்தா. சீட்டுல உக்காரல, நேராக் குழிக்குள்ள எறங்குனா, ஒட்டு வெச்ச எடத்தைச் சுண்டு விரலால சுத்தித் தடவிப் பார்த்தா, சேலைத் தலைப்புல இருந்த அந்தத் தீர்மானக் காயிதத்தை அவுத்து விரிச்சு, வெளிச்சத்துல ஒருக்காப் படிச்சா.

"நல்லா ஒட்டியிருக்கீங்ணா" அப்பிடின்னா, "இனிச் சொட்டுறதுக்கு எடம் ஏதுங்க?"

நான் அதை யோசிக்கலீங்க. சத்தியமா யோசிக்கல. காயிதத்தைக் கார் சீட்டு மேல வெச்சுட்டு மேல ஏறிப் போனா, அதுக்கப்பறம் எந்த வெள்ளிக்கிழமையும் அவ வரல. பூங்கோதை தன்னோட மகளுக்குக் கருணாம்பிகைன்னுதான் பேரு வெச்சா, ஊரே கூடிச் சீர் செஞ்சுச்சு, நல்ல மனசுள்ள பொண்ணு பேருன்னு நாட்ராயண்ணன் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு, அழைச்சும் அவ வரல. புள்ள இப்ப நடக்குது, அந்த மூடி போல்ட்டை எங்கிருந்தோ தேடியெடுத்துத் தரையில உருட்டி விளையாடுது, வாங்கி வெச்சாலும் மறுக்கா எடுத்துக்குது.

போன செவ்வாக்கிழமையில இருந்து தொட்டியில தண்ணி எறங்கல. வால்வு தெறந்துதான் இருக்கு, குழாய் நெறையத் தண்ணி நிக்குது, கீழ போக மாட்டேங்குது. ஊரே வந்து நின்னுச்சு. நாட்ராயண்ணன் மேலயும் கீழயும் பார்த்துட்டு, "ஒட்டுனவன் நீ, நீயே சொல்லு மாதப்பா, என்ன ஆச்சு?" அப்பிடின்னாரு. நான் குழிக்குள்ள எறங்கிப் பெட்டி மேல உள்ளங்கையை வெச்சேன். அது வயித்துப்புள்ளக்காரி வயிறு மாதிரி திம்முன்னு இருந்துச்சு, ஓட்டையைச் சுத்தி நான் வெச்ச ஒட்டுல ஒரு ஊசிமொனை அளவுக்குக்கூட ஈரம் இல்ல. மேல சென்னியப்பன் குழி ஓரத்துல குந்தி உக்காந்து, சுண்டு விரலைத் துணியில தொடச்சுக்கிட்டே என்ற மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தான். பெட்டி நெறஞ்சுதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுருச்சு. நான் சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தான்.

"அடைப்புதானுங்ணா" அப்பிடின்னேன்.

பெரிய மோட்டார் வெச்சு அழுத்திப் பார்க்கலாம்னு சொல்லி, வாடகைக்கு எடுத்துட்டு வர ஆள் அனுப்புனாங்க.